மன்னார்க் கடலை ஆராய மன்னார்ப் பட்டதாரிக்கு வழி உண்டா?

2025 ஓகஸ்டில் மன்னார்த் தீவில், காற்றாலைத் திட்டங்களின் அடுத்த கட்டத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் தெருவில் இறங்கியபோது, காற்றாலை வேலைகளை ஒரு மாத காலம் நிறுத்திவைக்க அரசு இணங்கியது. அந்த ஒரு மாதத்தில் எழுந்த கேள்விகள் பெரும்பாலும் அளந்து பார்த்து விடை சொல்லவேண்டியவை: சுழலிகளுக்காகப் போட்ட பாதைகள் வெள்ளம் வடியும் வழிகளை மறித்தனவா, இல்மனைட் மணலைத் தோண்டி எடுத்தால் நிலத்தடி நன்னீர் உவராகுமா, கரையோர மீன்பாடு குறைந்தமைக்கு எது காரணம், வலசை வரும் பறவைகள் எந்த வழியால் வருகின்றன. இவற்றை அளக்கும் கல்வியைப் பெற்ற இளைஞர்கள் இதே தீவில் பிறந்து வளர்ந்திருக்கிறார்கள் என்பதும், பட்டம் பெற்ற பின் அவர்களை அந்த வேலையில் வைத்திருக்க நிலையான நிதி ஏற்பாடு எதுவும் இல்லை என்பதும் அந்த விவாதத்தில் பேசப்படவேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை.

பேசாலை, தலைமன்னார், தாழ்வுபாடு போன்ற கரையூர்களிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கு இலங்கையின் அனுமதி முறை ஓரளவு கைகொடுக்கிறது. மாவட்ட அடிப்படையிலான ஒதுக்கீட்டுக்கு மேலாக, கல்வியில் பின்தங்கியவை என்று வகுக்கப்பட்ட மாவட்டங்களுக்கு நூற்றுக்கு ஐந்து இடங்கள் தனியாக வழங்கப்படுகின்றன. மன்னார் அவற்றுள் ஒன்று. நுழைவாயிலில் காட்டப்படும் இந்தக் கரிசனை, அந்த மாணவர் நான்கு ஆண்டுகளின் முடிவில் ஆய்வாளராக வெளியே வரும் வாயிலில் காட்டப்படுவதில்லை.

நான்காம் ஆண்டின் உழைப்பு

இலங்கைத் தகைமைகள் சட்டகம் என்பது நாட்டின் உயர்கல்வித் தகைமைகளைப் பன்னிரண்டு படிகளில் வரிசைப்படுத்தும் ஏற்பாடு. அதில் மூன்றாண்டுப் பொதுப் பட்டம் ஐந்தாம் படியிலும், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் படியிலும், ஆய்வினால் மட்டும் பெறப்படும் முதுதத்துவமாணியும் கலாநிதிப் பட்டமும் பதினோராம், பன்னிரண்டாம் படிகளிலும் இருக்கின்றன. பொதுப் பட்டத்துக்கும் சிறப்புப் பட்டத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, பின்னதில் மாணவர் ஒரு கேள்வியைத் தாமே எடுத்து, தரவு சேர்த்து, ஆய்வேடு எழுதவேண்டும் என்பதே.

அந்த உழைப்பு எத்தகையது என்பதைக் கரையில் நின்று பார்த்தால் விளங்கும். நீலக்கால் நண்டைப் பற்றி ஆராயும் மாணவி ஒருவர், விடியுமுன் வள்ளங்கள் கரைசேரும் இடத்துக்கு வரவேண்டும். பெண்கள் வட்டமாக அமர்ந்து வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றும்போது, அவை வியாபாரியின் தராசுக்குப் போவதற்குள் ஒவ்வொன்றின் ஓட்டகலத்தையும் வேணியர் இடுக்கியால் அளந்து, ஆணா பெண்ணா, சினை உண்டா என்று குறித்து, மாதிரிக்குச் சிலவற்றை விலை கொடுத்து வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பஸ் ஏற்றி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகவேண்டும். வாடைக் காலத்திலும் சோழகக் காலத்திலும் தொழில் நடக்கும் கரையே மாறுவதால், ஒரு பருவத்துத் தரவு மறுபருவத்துக்குப் பொருந்தாது. நண்டின் விலையும் ஐஸும் பஸ்ஸும் மாணவியின் வீட்டுச் செலவில்தான் சேர்கின்றன.

இப்படி ஒரு வருடம் சேர்த்த தரவு ஆய்வேடாகித் துறையின் அலுமாரியில் வைக்கப்பட்டதும் வேலை நின்றுவிடுகிறது. மீன்வளம் பற்றிய ஒரு வருடத் தரவு தொடக்கம் மட்டுமே. மூன்று, நான்கு வருடங்கள் தொடர்ந்து அளந்தால்தான் குறைவு உண்மையா, பருவத்தின் விளையாட்டா என்று சொல்லமுடியும். அந்தத் தொடர்ச்சி இல்லாததால் பாக்கு நீரிணையில் இழுவைப் படகுகள் செய்த சேதத்தைப் பற்றிப் பேசும்போதுகூட, பேசாலைத் தொழிலாளர் தங்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்களே தவிர, அதற்கு ஆதாரமாக நீட்டத்தக்க நீண்டகாலத் தரவு அவர்கள் பக்கம் இல்லை.

உதவிப்பணம் நிற்கும் இடம்

இலவசக் கல்வி பட்டப்படிப்பு வரை மாணவரைத் தாங்கி வருகிறது. 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல நிதியத்தின் மாதக் கொடுப்பனவு, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், மகாபொல கிடைக்காதோருக்கான பர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. 2022இன் விலையேற்றத்துக்குப் பிறகு இது போதுமான உயர்வு என்று சொல்வதற்கில்லை, ஆயினும் வரவேற்கத்தக்கது.

சிக்கல் எழுவது பட்டப்படிப்பு முடிந்த அடுத்த நாளில்தான். இறுதிப் பரீட்சை முடிந்ததும் கொடுப்பனவு நிற்கிறது. பெறுபேறுகள் வெளிவரச் சில மாதங்கள், பட்டமளிப்புக்கு மேலும் சில மாதங்கள், வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தால் முடிவு தெரிய ஏறத்தாழ அரை வருடம், தெரிவானாலும் புறப்படும் வரை இன்னும் சில மாதங்கள். எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை, இரண்டு வருடங்கள் வருமானமின்றிக் காத்திருக்கவேண்டும். அரச உத்தியோகத்தரின் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு சாத்தியம். தந்தையின் வள்ளக் கடனும் தம்பி தங்கையின் படிப்பும் தோளில் இருக்கும் பிள்ளை, கிடைத்த முதல் வேலையை ஏற்றுக்கொள்கிறது.

அந்த முதல் வேலை பெரும்பாலும் அரசு திரளாக வழங்கும் பட்டதாரிப் பயிலுநர் நியமனமாக இருந்துவந்திருக்கிறது. 2020இல் பல்லாயிரம் பட்டதாரிகள் அவ்வாறு உள்ளெடுக்கப்பட்டு, பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் அமர்த்தப்பட்டார்கள். அந்த நியமனங்களைப் பெற்றவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. வேலை கேட்டு வீதியில் இருந்த பட்டதாரிகளின் வலி வடக்குக்கும் கிழக்குக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் நீரியலில் முதல் வகுப்புப் பெற்ற ஒருவர் பிரதேச செயலகத்தில் கோப்பு நகர்த்தும்போது நாடு இழப்பது எதை என்பதைக் கணக்கிடும் கடமை திட்டமிடுவோருக்கு உண்டு.

நாட்டுக்குள் இருக்கும் வழிகள்

சிறப்புப் பட்டதாரி ஒருவருக்கு உள்ளூரில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, தான் படித்த துறையிலேயே செய்முறை வகுப்புகளுக்கு உதவும் தற்காலிகப் பதவி அல்லது தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி. ஒப்பந்தம் குறுகியது, கற்பித்தல் சுமையில் ஆய்வுக்கு நேரம் கிடைப்பது அரிது, ஆனாலும் நூலகமும் ஆய்வுகூடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

இரண்டாவது, ஆராய்ச்சி உதவியாளர் பதவி. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை ஆகியவற்றிடம் போட்டி முறையில் நிதி பெறும் பேராசிரியர்கள், அந்த நிதிக்குள்ளேயே ஓர் உதவியாளருக்கான மாதக் கொடுப்பனவையும் சேர்த்துக் கேட்கலாம்; அவ்வாறு சேர்பவர் அதே ஆய்வைக் கொண்டு முதுதத்துவமாணிக்குப் பதிவு செய்துகொள்வது வழக்கம். மூன்றாவது, கண்டி ஹந்தானையில் இயங்கும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம், கொழும்பு முகத்துவாரப் பக்கம் காக்கைதீவில் இயங்கும் நாரா எனப்படும் நீரியல்வள ஆராய்ச்சி முகவராண்மை போன்ற அரச ஆய்வு நிறுவனங்களில் கிடைக்கும் இடங்கள்.

மூன்றிலும் பொதுவான குறை, இடங்கள் மிகச் சில என்பதும், அவை நிற்கும் இடம் கடற்கரைக் கிராமத்துக்குத் தொலைவு என்பதும் ஆகும். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் போகும் பங்கு நூற்றுக்கு 0.15ஐக்கூட எட்டாத நிலையில், இடங்கள் பெருகுவதை எதிர்பார்க்கவும் முடியாது. அரசதுறை ஆட்சேர்ப்பு 2022 நெருக்கடிக்குப் பின் இறுக்கப்பட்டதும், மூத்த விரிவுரையாளர்கள் பலர் வெளிநாடு சென்றதும் இன்னொரு விளைவைத் தந்திருக்கின்றன: நிதிக்கு விண்ணப்பிக்கவேண்டிய வழிகாட்டிகளே குறைந்துவிட்டார்கள். வழிகாட்டி இல்லாத இடத்தில் உதவியாளர் பதவியும் உருவாகாது.

கடல் கடந்த வழிகள்

வெளிநாட்டு வாய்ப்புகள் பேசாலைப் பிள்ளைக்கு எட்டாதவை என்ற எண்ணம் தவறானது; அவற்றுள் சில, சிறப்புப் பட்டதாரிக்கு மிகவும் பொருந்துபவை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில், பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுமாணிக் கற்கைக்குத் தெரிவாகிப் புலமைப்பரிசில் பெறுவோருக்குக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ கொடுப்பனவும் உண்டு. இறுதியாண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பது மேலே சொன்ன காத்திருப்பைக் குறைக்கும் பெரிய வசதி. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் கடல் உயிரியல் வளங்கள் பற்றிய கற்கை, கரையூர் மாணவர் ஒருவருக்கென்றே வகுத்ததுபோல் இருக்கிறது.

ஜப்பானிய அரசின் மெக்ஸ்ற் புலமைப்பரிசில் ஆய்வு மாணவராகச் சேர்ந்து பின் முதுமாணிக்கும் கலாநிதிக்கும் போக வழிவிடுகிறது. பொதுநலவாயப் புலமைப்பரிசில் பிரித்தானியாவில் படிப்பதற்கு, அதுவும் சொந்தச் செலவில் போக இயலாதவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து வழங்கப்படுகிறது. இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் இலங்கையருக்கு இந்தியாவில் முதுமாணிப் படிப்புக்கு உதவுகிறது.

அமெரிக்காவின் வழி சற்று வேறு. அங்கே நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தோடு நேரே கலாநிதிக் கற்கையில் சேரலாம். கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்வதற்கு ஈடாகக் கட்டண விலக்கும் மாதச் சம்பளமும் கிடைக்கும். இலங்கையின் இரசாயனவியல், பௌதிகவியல் பட்டதாரிகள் பலர் பல்லாண்டுகளாக இந்த வழியால் போயிருக்கிறார்கள். 2025இல் அங்கு அரச ஆய்வு நிதி குறைக்கப்பட்டு, மாணவர் விசா நடைமுறையும் இறுகியதால், இந்த ஒன்றை மட்டும் நம்பியிருப்பது இன்று புத்திசாலித்தனம் ஆகாது.

இத்தனை வழிகள் இருந்தும் விண்ணப்பங்கள் குறைவாக இருப்பதற்குக் காரணங்கள் சிறியவை போலத் தோன்றுபவை: ஆங்கிலத் தகுதிப் பரீட்சைக் கட்டணம், சான்றிதழ்ப் பிரதிகள், கடவுச்சீட்டு, கொழும்புப் பயணம், நேர்முகத்தன்று கைவிடாத இணையம். ஒவ்வொன்றும் தனியே சமாளிக்கக்கூடிய தொகைதான். பாடு இல்லாத மாதத்தில் எல்லாம் ஒன்றாக வரும்போது விண்ணப்பம் கைவிடப்படுகிறது. விஞ்ஞான பீடத்து மாணவர் ஆங்கிலத்தில் படித்திருப்பதால் ஓரளவு தப்பிக்கொள்கிறார். கலைப்பீடத்தில் தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவருக்கு ஆங்கிலப் பரீட்சையே மதிலாக நிற்கிறது. 1990களில் பேசாலையில் இயங்கிய அகதிகளுக்கான திறந்த நிவாரண மையத்தைப் பற்றியோ, பேசாலையின் திருப்பாடுகளின் காட்சி மரபைப் பற்றியோ ஆராயவேண்டிய கலைப்பட்டதாரி இந்த மதிலுக்கு இப்பால் நின்றுவிடுவது பெரிய இழப்பு.

அக்கரையில் ஓர் ஒப்பீடு

தலைமன்னாரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் கடலுக்கு அப்பால் தனுஷ்கோடி இருக்கிறது. பாம்பனைக் கடந்தால் மண்டபம். 1947இல் நிறுவப்பட்ட இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது. 1971இல் அது கொச்சிக்கு மாறிய பின்னும் பிராந்திய நிலையம் அங்கேயே தொடர்கிறது. இராமநாதபுரத்துக் கரைப்பிள்ளைக்குக் கடல் ஆய்வு என்பது தன் ஊரில் கட்டடமாக நிற்கும் ஒன்று. இந்தியாவில் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறியவருக்கு 2023 முதல் மாதம் 37,000 இந்திய ரூபாய் வழங்கப்படுவதும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அது 42,000 ஆவதும் இங்கே நினைக்கத்தக்கவை. அந்தத் தொகை ஒரு பேராசிரியரின் திட்டத்தோடு கட்டப்படாமல் மாணவரின் பெயரிலேயே வருவதால், அவர் வழிகாட்டியைத் தேடிப் போகமுடிகிறது.

இக்கரையில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. முத்துக்குளிப்பு வீழ்ந்த காரணத்தை அறிய 1902இல் இலங்கை அரசு லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மனை அழைத்தது. அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலும் மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை ஆராய்ந்து எழுதியவை, ராயல் சொசைட்டியால் 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிடப்பட்டன. அவை இன்றும் மதிக்கப்படும் நூல்கள். பார்களின் பெயரையும் ஆழத்தையும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த கரைமக்கள் அந்த ஆய்வில் தகவல் சொல்வோராக இருந்தார்கள்; நூற்றிருபது ஆண்டுகள் கழிந்தும் அவர்களின் வாரிசுகளுக்குப் பெரும்பாலும் அதே இடமே கிடைக்கிறது என்பது பொறுக்கத்தக்கதாக இல்லை.

செய்யவேண்டியவை

முதன்மையானது, மன்னார்க் கரையோர ஆய்வுக்கென இரண்டாண்டு உதவித்தொகை ஒன்றைத் தொடங்குவது. ஆண்டொன்றில் பத்துப் பேருக்கு மாதம் 75,000 ரூபாய் வீதம் கொடுத்தால் 90 இலட்சம் ரூபாய் ஆகும். தலைக்கு மூன்று இலட்சம் களச்செலவையும் சேர்த்தால் மொத்தம் ஒரு கோடி இருபது இலட்சம். டொலர் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இது 40,000 டொலர். தீவின் தெற்குக் கரையில் முப்பது சுழலிகளோடு 2020 டிசெம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைத் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி ஒப்புதல் அளித்த கடன் 20 கோடி டொலர். கேட்கப்படும் ஆண்டுத் தொகை அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. தீவின் காற்றிலும் மணலிலும் வருமானம் தேடும் ஒவ்வொரு நிறுவனமும் இந்த நிதிக்குப் பங்களிக்கவேண்டும் என்று அனுமதிப் பத்திரத்திலேயே நிபந்தனை வைக்கலாம்.

நிதி கொடுப்பவருக்கு ஆய்வின் தலைப்பிலோ முடிவிலோ கைவைக்கும் உரிமை இருக்கக்கூடாது. ஆகவே பணத்தைப் பல்கலைக்கழகமே வைத்திருந்து வழங்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழிலுக்கெனத் தனித் துறை இருக்கிறது; 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானத்தில் சிறப்புப் பட்டம் வழங்கப்படுகிறது, அதன் பம்பைமடு வளாகம் மன்னார் வீதியிலேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, நாராவையும் இணைத்துக்கொண்டு, பேசாலையிலோ மன்னார் நகரிலோ ஒரு சிறு கள நிலையத்தை நடத்தலாம்: உறைகுளிர்ப் பெட்டி, நுணுக்குக்காட்டி, தராசு, இணையம், பெண்கள் தங்குவதற்குப் பாதுகாப்பான இரண்டு அறைகள். கடைசியாகச் சொன்னது ஆடம்பரம் என்று எண்ணப்படக்கூடாது. விடியற்காலையில் கரைக்குப் போகவேண்டிய ஆய்வைப் பல பெண்கள் தவிர்ப்பது தங்குமிடம் இல்லாததால்தான்.

அடுத்து, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள். பெரிய திட்டம் ஒன்று சூழலை எப்படிப் பாதிக்கும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து எழுதும் இந்த அறிக்கை, 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் முப்பது வேலைநாட்களுக்கு மக்களின் கருத்துக்காக வைக்கப்படுகிறது. மன்னாரில் நடக்கும் எந்த மதிப்பீட்டிலும் மாவட்டத்தைச் சேர்ந்த சிறப்புப் பட்டதாரிகள் இருவராவது சம்பளம் பெறும் ஆய்வு உதவியாளர்களாக இருக்கவேண்டும், அவர்களின் பெயர் அறிக்கையில் வரவேண்டும் என்பதை மத்திய சுற்றாடல் அதிகார சபை கட்டாயமாக்கினால், மாணவருக்கு வேலையும் ஊருக்கு நம்பிக்கையும் ஒருங்கே கிடைக்கும்.

ஆராய்ச்சி உதவியாளராகக் கழித்த ஆண்டுகள், பின்னர் ஆசிரியர் சேவையிலோ வேறு அரச சேவையிலோ சேரும்போது சேவைக்காலமாகக் கணிக்கப்படவேண்டும்; ஊழியர் சேமலாப நிதியும் அந்தக் காலத்துக்குச் செலுத்தப்படவேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். ஆய்வை ஏற்றால் மூப்பில் பின்தங்கிவிடுவோம் என்ற பெற்றோரின் அச்சத்தை அது பெருமளவு நீக்கும்.

ஊரும் காத்திருக்கவேண்டியதில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் பங்கு மக்களும் புலம்பெயர்ந்த பேசாலையாரும் சேர்ந்து ஒரு சுழல்நிதியை வைத்தால், பரீட்சைக் கட்டணமும் கடவுச்சீட்டுச் செலவும் வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கப்பட்டு, மாணவர் உதவித்தொகை பெறத் தொடங்கியதும் திரும்பச் செலுத்தப்படும். பேசாலை பற்றிமா மத்திய மகா வித்தியாலயத்தின் பழைய மாணவர்களில் பட்டப்பின் படிப்புக்குப் போனவர்கள், ஆண்டுக்கு இரண்டு முறை இணையவழியில் விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுக்க முன்வரலாம்.

மாவட்டச் செயலகத்தின் இணையப் பக்கத்திலும் மன்னார்ப் பொது நூலகத்திலும் இரண்டு பட்டியல்கள் தமிழில் வைக்கப்படவேண்டும். ஒன்று, மன்னாரைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட சிறப்புப் பட்ட ஆய்வேடுகளின் பட்டியல். அவற்றைத் துறைகளிலிருந்து கேட்டுப் பெறும் பொறுப்பை இரு பல்கலைக்கழக நூலகங்களும் ஏற்கலாம். மற்றது, புலமைப்பரிசில்களின் கடைசித் தேதி, தகுதி, தேவையான ஆவணங்கள் அடங்கிய நாட்காட்டி. எராஸ்மஸ் முண்டுஸ் கற்கைகள் பல ஒக்டோபரில் விண்ணப்பங்களைத் திறந்து ஜனவரியளவில் மூடிவிடுவதால், அந்த நாட்காட்டி ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் முடிவதற்குள் இறுதியாண்டு மாணவர் கையில் இருக்கவேண்டும்.